மகளுக்குச் சென்னையில் கல்லூரி: விடுதியா, அத்தை வீடா?

துவாரகா அம்மா

டெல்லித் தமிழ்ப் பெற்றோர் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். டெல்லியில் பிறந்து வளர்ந்த எங்கள் மகளுக்குத் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் வண்டலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அவள் ஆசைப்பட்ட மின்னணுவியல் பிரிவே கிடைத்ததில் எங்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் இடம் உறுதியான மாலையே வீட்டில் வேறு பேச்சு தொடங்கிவிட்டது.

என் நாத்தனார் அம்பத்தூரில் இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். "சொந்த அத்தை வீடு திறந்து கிடக்கும்போது பெண்ணை விடுதியில் விட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? நான் செத்தா போய்விட்டேன்?" என்று தொலைபேசியில் அழுதார். என் கணவர் அக்கா சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவர். மகளோ விடுதிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இருவருக்கும் நடுவில் நான்.

வகுப்பு தொடங்கச் சில வாரங்களே இருக்கின்றன. எங்கே தங்க வைப்பது, அதற்குள் அவளை எதற்கெல்லாம் பழக்குவது என்று, பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் சொன்னால் உதவியாக இருக்கும்.

மயூர் விஹார் அப்பா

வாழ்த்துகள் சகோதரி. முதலில் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். அம்பத்தூர் சென்னையின் மேற்கு மூலை, வண்டலூர் தெற்கு எல்லை. அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் இறங்கி, சுரங்கப் பாதையில் நடந்து பூங்கா நிலையத்துக்குப் போய், தாம்பரம், செங்கல்பட்டு வழித்தடத்தில் இன்னொரு ரயில் ஏற வேண்டும். ஒரு வழிக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பைபாஸ் சாலை வழியாகப் பேருந்து உண்டு, ஆனால் காலை நேர நெரிசலை நம்ப முடியாது. கல்லூரிப் பேருந்து அந்தப் பக்கம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தாலும் விடிந்தும் விடியாமலும் போய் நிற்க வேண்டியிருக்கும்.

முதலாண்டில் வகுப்பு, ஆய்வகம், பயிற்சிக் குறிப்பேடு என்று நேரம் இறுகிப்போகும். தினமும் நான்கு மணி நேரம் பயணத்தில் போனால் அவள் எப்போது படிப்பாள், எப்போது தூங்குவாள்? உங்கள் நாத்தனாரின் அன்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தத் தூரத்துக்கு என் ஓட்டு விடுதிக்குத்தான். நங்கநல்லூரிலோ குரோம்பேட்டையிலோ அந்த வீடு இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

அடையாறு அத்தை

நான் சென்னையிலிருந்து எழுதுகிறேன். டெல்லியில் என் தம்பி குடும்பம் இருப்பதால் இந்தக் குழுவில் வரும் பதிவுகளைப் படிப்பேன். என் தம்பி மகன் எங்கள் வீட்டில் தங்கித்தான் கல்லூரிக்குப் போனான். ஆகவே அந்த நாத்தனாரின் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை.

பிள்ளையை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லும்போது மனதில் இருப்பது சோறு போடும் ஆசை மட்டும்தான். வந்த பிறகுதான் மற்றதெல்லாம் தெரியும். இரவு ஒன்பது மணி ஆகியும் வரவில்லை என்றால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பது நான். கடிந்துகொண்டால் "பெற்ற தாய் திட்டினால் சரி, அத்தை திட்டலாமா" என்று வரும். கடிந்துகொள்ளாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால், "உன்னை நம்பித்தானே விட்டோம்" என்று வரும். அவன் தேர்வில் ஒரு பாடம் தவறியபோது டெல்லியிலிருந்து முதல் தொலைபேசி எனக்குத்தான் வந்தது. தங்கமான பையன். ஆனாலும் அந்த நான்கு ஆண்டுகளில் நான் வெளியூர்க் கல்யாணத்துக்கு மனம் விட்டுப் போனதில்லை.

அதனால் அவரிடம் "உங்களுக்குச் சிரமம் வேண்டாம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். அது அவரைப் புண்படுத்தும். அவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். விடுதி விண்ணப்பத்தில் உள்ளூர்ப் பாதுகாவலர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அவர் பெயர், கையெழுத்து, புகைப்படம் எல்லாம் கேட்பார்கள். "அக்கா, இந்தக் கையெழுத்தை நீங்கள்தான் போட வேண்டும்" என்று உங்கள் கணவர் கேட்கட்டும். உறவு எங்கும் போகாது.

முனிர்கா மதி

ஒன்று கேட்கலாமா? மகனாக இருந்திருந்தால் இந்த விவாதமே வந்திருக்குமா? என் அண்ணனைப் பதினேழு வயதில் ஒரு பெட்டியோடு ரயில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு மட்டும் சித்தி வீடு, மாமா வீடு என்று மாதக்கணக்கில் ஆராய்ச்சி நடந்தது. "நாலு பேர் என்ன நினைப்பார்கள்" என்பதற்காக ஒரு பெண்ணின் நான்கு ஆண்டுகளை முடிவு செய்யக் கூடாது. அவள் விடுதி வேண்டும் என்கிறாள். அது போதுமான காரணம்.

துவாரகா அம்மா

மதி, நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. என் மகளும் இதையே வேறு சொற்களில் கேட்டாள். மகனாக இருந்தால் எங்கள் வீட்டில் பேச்சு சீக்கிரம் முடிந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் என் நாத்தனார் ஊருக்குப் பயந்து மட்டும் கேட்கவில்லை. பிள்ளைகள் போனபின் அந்த வீட்டில் அவர் தனியாக இருக்கிறார். அதையும் நான் நினைக்க வேண்டியிருக்கிறது.

அடையாறு அம்மா, உங்கள் யோசனையை இரவே கணவரிடம் படித்துக் காட்டினேன். பதில் சொல்லவில்லை, ஆனால் திரும்பப் படிக்கச் சொன்னார்.

ஜனக்புரியிலிருந்து வந்தவள்

நான் ஜனக்புரியில் வளர்ந்து, சென்னையில் விடுதியில் தங்கிப் படித்து, இப்போது இங்கேயே வேலை பார்க்கிறேன். உங்கள் மகளின் இடத்தில் இருந்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

டெல்லித் தமிழ்ப் பெற்றோர் பலர், பிள்ளை சென்னைக்குப் போவதை ஊருக்குத் திரும்புவதாக நினைக்கிறார்கள். "நம் ஊர்தானே, நம் மொழிதானே, என்ன கஷ்டம்" என்று என் அப்பா சொன்னார். அவருக்கு அது ஊர். எனக்குக் கோடை விடுமுறையில் பார்த்த இடம். என் வகுப்புத் தோழிகளுக்கு நான் டெல்லிக்காரி. என் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல, ஆனால் முதல் மாதத்தில் அதுவே பெரிய காயம். டெல்லியில் மதராஸி என்று கூப்பிட்டார்கள், இங்கே இந்திக்காரி என்று கூப்பிடுகிறார்கள், நான் எங்கே போவது என்று அம்மாவிடம் அழுதேன். இது இப்படித்தான் இருக்கும், இரண்டு மூன்று மாதத்தில் மாறும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தயவுசெய்து உங்கள் மகளிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

இரண்டாவதும் முக்கியம். சென்னை விடுதிகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் திருச்சி, மதுரை, வேலூர், சேலம் என்று ஓரிரவுப் பயணத்தில் வீடு போகக்கூடியவர்கள். வெள்ளிக்கிழமையோடு சேர்ந்து ஒரு விடுமுறை வந்தால் போதும், வியாழன் மாலை கிளாம்பாக்கத்தில் பேருந்து பிடிக்க ஓடிவிடுவார்கள். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் மாடி முழுக்கக் காலி. மெஸ்ஸில் ஒரு வேளைதான் சமையல், சில நாள் அதுவும் இல்லை. டெல்லிப் பெண்ணால் மூன்று நாளுக்கு வீடு போய் வர முடியாது. நானும் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தோழியும் அந்த நீண்ட தாழ்வாரத்தில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வீட்டு நினைப்பு என்னை உலுக்கியது அந்த நாட்களில்தான். வகுப்பு நடக்கும் நாட்களில் அழ நேரமே இருக்காது.

அம்பத்தூர் அத்தை வீட்டின் மதிப்பு அங்கே இருக்கிறது. தினமும் போய் வரும் வீடாக அது வேண்டாம். பொங்கலுக்கு, தேர்வு முடிந்த மறுநாளுக்கு, காய்ச்சல் வந்தால் படுப்பதற்கு அந்த வீடு வேண்டும். அங்கே ஒரு அலமாரித் தட்டில் அவள் மாற்றுடை நான்கு இருக்கட்டும். எனக்கு அப்படி ஒரு வீடு இல்லை. இருக்கிறவர்கள் அதை வீணாக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, ராமகிருஷ்ணபுரம்

ஜனக்புரிப் பெண்ணே, நீ எழுதியதை இங்குள்ள ஒவ்வொரு தமிழ்ப் பெற்றோரும் படிக்க வேண்டும்.

துவாரகா அம்மா, உங்கள் மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா? பேசத் தெரியும் என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு எழுத்து தெரிந்திருக்கும். மற்றப் பள்ளிகளில் படித்தவர்களில் பலர் வீட்டில் சரளமாகப் பேசுவார்கள், ஒரு கடைப் பலகையைப் படிக்கத் திணறுவார்கள். சென்னையில் பேருந்தின் பெயர்ப் பலகை, ரேஷன் கடை அறிவிப்பு, மருந்துக் கடைச் சீட்டின் பின்னால் கடைக்காரர் எழுதிக் கொடுப்பது எல்லாம் தமிழில் இருக்கும். விடுதிக் காப்பாளர் ஒட்டும் அறிவிப்பும் பல இடங்களில் தமிழில்தான்.

இருக்கும் சில வாரங்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். இலக்கணம் வேண்டாம், செய்யுள் வேண்டாம். நாளிதழின் தலைப்புகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ரயில் நிலையப் பெயர்களை எழுதிக் காட்டுங்கள்: கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர். அவள் இறங்கப் போகிற ஊர்கள் என்பதால் ஆர்வத்தோடு படிப்பாள். இந்த முறையில் கல்லூரி போகும் வயதுப் பிள்ளைகள் பலரைப் படிக்க வைத்திருக்கிறேன்.

கரோல்பாக் வங்கி ஊழியர்

நான் பொதுத்துறை வங்கியில் வேலை பார்க்கிறேன். கிளையில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பார்ப்பதைச் சொல்கிறேன்.

உங்கள் மகளின் ஆதாரில் யாருடைய கைபேசி எண் இருக்கிறது? வங்கிக் கணக்கில்? பெரும்பாலான வீடுகளில் எல்லாவற்றிலும் அப்பாவின் எண்தான் இருக்கும். பிள்ளை சென்னையில் ஏதோ ஒரு சாளரத்தில் நிற்கும். ஓடிபி டெல்லியில் அப்பாவின் சட்டைப் பையில் வந்து விழும். அப்பா அலுவலகக் கூட்டத்தில் இருப்பார். அவர் எடுத்துப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். இது ஒரு தடவையோடு போகாது. உதவித்தொகை விண்ணப்பம், தேர்வுப் பதிவு, டிஜிலாக்கர் என்று எல்லா இடத்திலும் இதே கதைதான். ஊருக்குப் போகும் முன் ஆதார் மையத்துக்கு ஒரு நடை போய் அவள் எண்ணை ஏற்றுங்கள். வங்கிக்கும் அப்படியே.

அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தால், சிறார் கணக்கைப் பெரியவர் கணக்காக மாற்ற அவளே கிளைக்கு வந்து கையெழுத்துப் போட்டு அடையாள ஆவணங்கள் கொடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டுப் போய், பணம் எடுக்க முடியாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால், பெற்றோர் இருக்கும் இடத்துக் கிளையிலேயே விண்ணப்பிப்பது நல்லது. பொதுவாக 4 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்பதில்லை. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான கல்வி நிறுவனங்களுக்குப் பிணையும் இல்லை, ஜாமீன்தாரரும் இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். முடிந்தவர்கள் அந்த வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிடுங்கள். வேலையில் சேரும் பிள்ளையின் தலையில் பெரிய சுமை விழாது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு 80இ பிரிவின்படி வட்டிக்கு 8 ஆண்டு வரை கழிவும் கிடைக்கும்.

ரோகிணி ராகவி அம்மா

குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் மகள் அடுத்த ஆண்டு பன்னிரண்டு முடிக்கிறாள். டெல்லியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் எப்படி இடம் கிடைத்தது? நாங்கள் என்ஐடி மட்டும்தான் வழி என்று நினைத்திருந்தோம்.

மயூர் விஹார் அப்பா

ராகவி அம்மா, என்ஐடியில் பாதி இடம் அந்தந்த மாநிலத்துக்கு. அங்கே மாநிலம் என்று பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பு எந்த மாநிலத்தில் தேறினார்கள் என்பதை. நம் பிள்ளைகளுக்குப் பூர்வீகம் திருச்சியாகவே இருந்தாலும், திருச்சி என்ஐடியில் வெளிமாநில ஒதுக்கீட்டில்தான் போட்டியிட வேண்டும்.

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கணக்கு வேறு. எட்டு முதல் பன்னிரண்டு வரை வெளியே படித்திருந்தாலும், பூர்வீகம் தமிழ்நாடு என்று நேட்டிவிட்டி சான்றிதழ் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அதைப் பெற்றோரின் சொந்த ஊர் வட்டாட்சியர் அலுவலகம் வழியாக, இ-சேவையில் விண்ணப்பித்துப் பெற வேண்டும். இட ஒதுக்கீடு கோருபவர்கள் சாதிச் சான்றிதழையும் தமிழ்நாட்டிலேயே பெற வேண்டும். டெல்லியில் வாங்கியது அங்கே செல்லாது. இந்த இரண்டுக்கும் ஊரில் வீட்டு வரி ரசீது, தாத்தா பெயரில் உள்ள பட்டா, அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் என்று ஏதாவது ஆதாரம் கேட்பார்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதே வேலையைத் தொடங்கிவிடுங்கள். தேர்வு முடிவு வந்தபின் ஓடினால் மூச்சு முட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலந்தாய்வு தொடங்கும் முன்பே தனியார் பல்கலைக்கழகங்கள் முன்பணம் கட்டச் சொல்லி நெருக்கும். இடம் போய்விடுமோ என்ற பயத்தில் கட்டிவிட்டால், பிறகு திரும்பக் கேட்கத் தயங்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு இதற்கு விதி வைத்திருக்கிறது. 2024-25 கல்வியாண்டுக்குச் செப்டம்பர் 30 வரை விலகினால் முழுக் கட்டணமும் திருப்பித் தர வேண்டும், அக்டோபர் 31 வரை என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் பிடிக்கலாம் என்று அறிவித்தது. அந்தந்த ஆண்டின் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கல்லூரிக்கு உரிமை கிடையாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். எங்கள் மகனுக்கு ஒரு நிறுவனம் பணம் தர இழுத்தடித்தது. இந்த விதியைச் சுட்டி எழுத்தில் கேட்ட பிறகுதான் வந்தது.

பழைய டெல்லிவாசி

மத்திய அரசு ஊழியர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் இது. மத்திய அரசு மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ் அட்டை டெல்லியில் வாங்கியது என்றாலும் சென்னையில் உள்ள மையங்களிலும் செல்லும். மகனுக்கு அதிகபட்சம் 25 வயது வரை. மகளுக்கு வேலை கிடைக்கும் வரை அல்லது திருமணம் ஆகும் வரை. அட்டையின் அசலை அவளிடமே கொடுத்தனுப்புங்கள். தனியார் காப்பீடு என்றால் மின் அட்டை அவள் கைபேசியில் இருக்கட்டும், கல்லூரிக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனை அதை ஏற்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

சாமான்களைப் பற்றி: வாளி, குவளை, மெத்தை, ஹேங்கர் எதையும் டெல்லியிலிருந்து தூக்காதீர்கள். கல்லூரி வாசலிலேயே கடை போட்டு விற்பார்கள். மின் கெட்டில் பல விடுதிகளில் அனுமதி இல்லை, வாங்கும் முன் கேளுங்கள். கொசுவலை, நல்ல குடை, இரண்டு சாவியுள்ள பூட்டு அவசியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே சில நாள் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. சான்றிதழ்களை நீர் புகாத உறையில் போட்டுக் கொடுங்கள். கம்பளி வேண்டாம் என்று எல்லாவற்றையும் எடுத்துவிடாதீர்கள். டிசம்பரில் வீடு திரும்பும்போது போபால் தாண்டியதுமே ரயிலில் குளிர் ஏறும், அதற்கு ஒரு ஸ்வெட்டர் போதும்.

மயூர் விஹார் அப்பா

ரயில் பற்றியும் எழுதிவிடுகிறேன். புது டெல்லியில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்றாம் நாள் காலை சென்னை சென்ட்ரல். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, முன்பு 120 நாள் இருந்தது. தீபாவளி டிக்கெட் திறந்த சில நிமிடங்களில் போய்விடும். 2025 ஜூலை முதல் தட்கலுக்கு ஆதாரோடு இணைத்த ஐஆர்சிடிசி கணக்கு வேண்டும். உங்கள் மகளுக்கு அவள் பெயரில், அவள் எண்ணில் ஒரு கணக்கு தொடங்கி, முதல் டிக்கெட்டை அவளையே எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

கடைசியாக ஒன்று. நாங்கள் எங்கள் மகன் கைபேசியில் இருப்பிடம் காட்டும் செயலியைப் போட்டு வைத்திருக்கிறோம். மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது. நீங்களும் செய்யலாம்.

முனிர்கா மதி

ஐயா, மற்ற எல்லாவற்றிலும் உங்களோடு ஒத்துப்போகிறேன். இதில் இல்லை. பதினெட்டு வயதானவளை வரைபடத்தில் புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு நாம் கொடுக்கும் செய்தி என்ன? "உன்னை நம்பவில்லை" என்பதுதானே?

மயூர் விஹார் அப்பா

நம்பிக்கை இல்லாததால் அல்ல அம்மா. 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு இரவு அவன் தொலைபேசி எடுக்காவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயம். மகனிடம் கேட்டு, அவன் சம்மதித்த பிறகுதான் போட்டோம். அவனும் எங்கள் இருப்பிடத்தைப் பார்க்கலாம்.

ஜனக்புரியிலிருந்து வந்தவள்

சம்மதித்துப் போட்டால் நான் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து ஒன்று உண்டு. அறைத் தோழிகள் இருவரின் எண், அவர்களின் பெற்றோர் எண், விடுதிக் காப்பாளர் எண், அத்தையின் எண். இவை உங்களிடம் இருந்தால் செயலி தேவைப்படாது. புள்ளி ஓரிடத்தில் நின்றால் பிள்ளை தூங்குகிறதா மயங்கிக் கிடக்கிறதா என்று செயலி சொல்லாது, அறைத் தோழி சொல்வாள்.

தொலைபேசிப் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அம்மா தினமும் "சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய்" என்று கேட்பார். நான் பொய் சொல்வேன். அப்பா ஒரு நாள் தன் அலுவலகத்தில் நடந்த ஒரு சண்டையைப் பற்றிச் சொல்லி, "நீ என்ன நினைக்கிறாய்" என்று கேட்டார். அன்றைக்குத்தான் மனம் திறந்து பேசினேன். முதல் இரண்டு வாரம் "வந்துவிடுகிறேன்" என்று அழுதால், "உடனே வா" என்றும் சொல்ல வேண்டாம், "இதற்கெல்லாம் அழலாமா" என்றும் சொல்ல வேண்டாம். கேட்டுக்கொண்டிருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, ராமகிருஷ்ணபுரம்

ராகிங் பற்றி யாரும் எழுதவில்லை. தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகளின்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தைக் கையெழுத்துப் போட்டு நீட்டிவிடாமல் மகளோடு உட்கார்ந்து படியுங்கள். எது ராகிங் என்று அதில் தெளிவாக இருக்கிறது. பெயர் கேட்டுப் பாடச் சொல்வதில் தொடங்கி எங்கே போகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 24 மணி நேர உதவி எண் 1800-180-5522. மனம் மிகவும் சோர்ந்தால் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். இரண்டையும் அவள் கைபேசியில் ஏற்றுங்கள். "எங்களிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் இங்கே சொல்" என்று நீங்கள் வாய் திறந்து சொன்னால்தான் அவள் பயன்படுத்துவாள்.

துவாரகா அம்மா

இது மகளின் அப்பா எழுதுவது. மனைவியின் கணக்கிலிருந்து எழுதுகிறேன்.

இரண்டு இரவாக எல்லாவற்றையும் படித்தேன். அக்கா சொல்லை ஏன் தட்ட முடியவில்லை என்று இங்கே சொல்ல வேண்டும் போலிருக்கிறது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோதே அப்பா தவறிவிட்டார். அக்கா படிப்பை நிறுத்திவிட்டு ஏற்றுமதித் தையலகத்தில் வேலைக்குப் போனார். நான் விடுதியில் தங்கிப் படித்தது அவர் சம்பளத்தில். மாதம் தவறாமல் மணியார்டர் வரும். கூப்பனில் "நன்றாகச் சாப்பிடு" என்று மட்டும் எழுதியிருப்பார். அவர் என் மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும்போது, தூரம் அதிகம் அக்கா என்று எப்படிச் சொல்வது? என் மகளுக்கு நல்லது எது என்று எனக்குத் தெரிகிறது. சொல்ல வாய் வரவில்லை.

அடையாறு அத்தை

தம்பி, உங்கள் அக்கா வயதில் நானும் இருப்பேன் என்று நினைக்கிறேன். அதனால் உரிமையோடு சொல்கிறேன். தொலைபேசியில் சொல்லாதீர்கள். மகளைச் சேர்க்க வரும்போது நேராகக் கல்லூரிக்குப் போகாமல் முதலில் அம்பத்தூர் வீட்டுக்குப் போங்கள். ஓரிரவு தங்குங்கள். அவர் கையால் சாப்பிட்டுவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போங்கள். விடுதி அறையை அவர் கண்ணால் பார்க்கட்டும். கட்டில் எது, ஜன்னல் எந்தப் பக்கம், குளியலறையில் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று அவரே பார்க்கட்டும். காப்பாளரிடம் "இவர்தான் இவளுக்கு இங்கே எல்லாம்" என்று நீங்கள் அறிமுகப்படுத்துங்கள். உங்களை விடுதியில் வைத்துப் படிக்க வைத்த அக்காவுக்கு விடுதி என்றால் என்ன என்று தெரியாதா? கேட்கப்படாமல் முடிவு செய்துவிட்டார்கள் என்பதுதான் வலிக்கும்.

அந்த நான்கு மணி நேரப் பயணத்தை உங்கள் மகளே அவரிடம் சொல்லட்டும். பிள்ளை சொன்னால் அத்தைக்குக் கோபம் வராது.

துவாரகா அம்மா

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மகள் நேற்று மாலை அத்தையை அவளே அழைத்தாள். அம்பத்தூரிலிருந்து வண்டலூர் போகும் வழியை ஒவ்வொரு நிலையமாகச் சொன்னாள். இங்கே ஆசிரியை அம்மா கொடுத்த பெயர்களைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு படித்தாள். "அவ்வளவு தூரமா" என்று கேட்டுவிட்டு நாத்தனார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு விடுமுறை நாள் எதுவானாலும் தன் வீட்டுக்குத்தான் வர வேண்டும், பொங்கலுக்குப் பானை வைக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டார். மகள் ஒப்புக்கொண்டாள். பாதுகாவலர் படிவத்துக்கு ஆதார் நகலும் புகைப்படமும் இன்றைக்கே அனுப்பிவிட்டார். வருத்தம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கணவர் நேரில் போய்ப் பேசத்தான் போகிறார். மூவரும் முதலில் அம்பத்தூரில்தான் இறங்குகிறோம்.

ஆதாரில் எண் மாற்றியாகிவிட்டது. வங்கிக்குத் திங்கட்கிழமை போகிறோம். தீபாவளி டிக்கெட் திறக்கும் நாளை மகள் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள். அன்று காலை அவளே எடுத்துக்கொள்வாள் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். ராகவி அம்மா, நேட்டிவிட்டி சான்றிதழுக்கு நாங்கள் இணைத்த ஆவணங்களின் விவரம் வேண்டுமானால் தனிச் செய்தி அனுப்புங்கள், எடுத்துத் தருகிறேன்.